தோழியோட பாண்டியில தாய்லாந்து ஃப்யூஷன் சாப்பாடு: எது ஒட்டுச்சு, எது ஒட்டலை?

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 9:40

கொஞ்சம் நீளமா எழுதப் போறேன். சமையல் தெரிஞ்சவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்க கருத்து வேணும்.

என் தோழிக்குப் போன வியாழக்கிழமை 50 வயசு முடிஞ்சுது. ஆறாம் வகுப்புல இருந்து நாங்க ஒரே பெஞ்சு. கடலூர் புதுப்பாளையத்துல 20 வருஷமா மெஸ் நடத்துறா. காலையில 60 பேருக்கு டிபன், மத்தியானம் சாப்பாடு, ராத்திரி திரும்ப இட்லி, தோசை. ஊருக்கே ஆக்கிப் போடுறவளை உட்கார வெச்சு ஒரு வாய் சோறு போட ஆள் இல்லை. "ஒரு நாள் கடையைச் சாத்துடி, யாராவது சமைச்சதை நாம போய் சாப்பிடலாம்"னு பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போனேன்.

ஒயிட் டவுன்ல கடற்கரைச் சாலைக்கு ரெண்டு தெரு உள்ளே, பழைய வீடு ஒண்ணை எடுத்து, தாய்லாந்துச் சமையலையும் நம்ம சமையலையும் கலக்கிற தாய் ஃப்யூஷன் உணவகமா மாத்தியிருக்காங்க. மஞ்சள் சுவர், நடுவுல முற்றம், மேசைக்கு மேசை மங்கலா ஒரு விளக்கு. வாசல்லயே தயங்கி நின்னா. முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, "இங்க கையால சாப்பிட்டா ஏதாவது நினைப்பாங்களாடி?"ன்னு கேட்டா. எனக்கு மனசே கேட்கலை. தினம் நூறு பேர் கையால அள்ளிச் சாப்பிடுறதைப் பார்த்துப் பூரிச்சுப் போறவ அவ. "கையாலதான் சாப்பிடப் போறோம், வா"ன்னு உள்ள கூட்டிட்டுப் போனேன்.

முதல்ல 'டாம் யம் ரசம்'னு பித்தளை டம்ளர்ல வந்துச்சு. டாம் யம்ங்கிறது தாய்லாந்துப் புளிப்பு சூப். புளி, மிளகு, சீரகம், அதுக்கு மேல எலுமிச்சைப் புல் வாசம். ரெண்டு பேருக்குமே பிடிக்கலை. "ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசுற மாதிரி இருக்கு"ன்னு சொன்னா. எனக்கும் அதேதான் தோணுச்சு.

அடுத்து மொறுமொறுன்னு நெத்திலி வறுவல். மீன் சாஸையும் பனைவெல்லத்தையும் பாகா காய்ச்சி, கறிவேப்பிலை பொரிச்சுப் போட்டு அதுல புரட்டியிருந்தாங்க. தட்டு அஞ்சு நிமிஷத்துல காலி.

பப்பாளிக்காயைச் சீவி இடிச்ச சாலட்ல வேர்க்கடலைக்குப் பதிலா முந்திரி. பரவாயில்லை.

அப்புறம் வந்தது இறால் போட்ட பச்சைக் குழம்பு. தாய் கிரீன் கறிதான், ஆனா முருங்கைக்காயும் பிஞ்சுக் கத்திரிக்காயும் போட்டு, கூட இடியாப்பம். ரெண்டு வாய் சாப்பிட்டா. பேச்சே நின்னு போச்சு. குழம்பை மட்டும் விரல்ல தொட்டு நாக்குல வெச்சு, கண்ணை மூடிக்கிட்டே சொன்னா: "நாம முதல் தேங்காய்ப்பாலைக் கடைசியில ஊத்தி இறக்கிடுவோம்ல? இவங்க அதை முதல்லயே காய்ச்சி எண்ணெய் பிரிய விட்டு, அந்த எண்ணெயில விழுதை வதக்கியிருக்காங்க." பரிமாறின தம்பி உள்ள போய்ச் சொல்லிட்டான் போல. சமையல்காரர் வெளிய வந்து "ஆமாம்மா, அப்படித்தான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"ன்னு கேட்டார். அந்த நிமிஷம் அவ முகத்தை நீங்க பார்த்திருக்கணும். பின்ன ரெண்டு பேரும் பத்து நிமிஷம் விழுதைப் பத்தியே பேசினாங்க.

துளசி போட்ட கோழி வறுவல்தான் எங்களைச் சங்கடப்படுத்துச்சு. தினமும் மாடத்துக்குத் தண்ணி ஊத்துற கை. அவ தொடலை. நான் ஒரு துண்டு சாப்பிட்டேன், அவ முன்னாடி அதுக்கு மேல இறங்கலை.

கடைசியா கவுனி அரிசியும் பலாச்சுளையும், மேல உப்பு ஒரு சிட்டிகை போட்ட தேங்காய்ப்பாலும். உப்பு போட்டதுதான் அழகு.

இடியாப்பமும் பச்சைக் குழம்பும் அவ்வளவு இயல்பா சேர்ந்துச்சே, டாம் யம்மும் ரசமும் ஏன் சேரலை? வர்றப்போ பஸ்ல பூரா இதையேதான் பேசினோம்.

தேங்காய்ப்பால் | ஞாயிறு, இரவு 10:25

நான் பாங்காக்ல ஓட்டல் சமையலறையில 7 வருஷம் வேலை பார்த்தவன். உங்க தோழியோட நாக்குக்கு என் வணக்கம். அந்தத் தேங்காய்ப்பால் விஷயம் எனக்குப் பிடிபடவே பல மாசம் ஆச்சு. நம்ம வீட்டுல "பால் திரிஞ்சுடும், கொதிக்க விடாதே"ன்னு சொல்லியே வளர்த்தாங்க. அங்க திரியணும்னே காய்ச்சுவாங்க. எண்ணெய் மேல மிதந்தாத்தான் விழுதைப் போடுவாங்க.

இடியாப்பம் ஏன் சேர்ந்துச்சுன்னா, தாய்லாந்துல பச்சைக் குழம்பைச் சோத்தோட மட்டும் சாப்பிடுறதில்லை. 'கனோம் சீன்'னு ஒண்ணு இருக்கு. அரிசியைப் புளிக்க வெச்சு அரைச்ச மாவை, துளை போட்ட அச்சுல பிழிஞ்சு கொதிக்கிற தண்ணியில இறக்கி எடுக்கிற நூல். சந்தையில சின்னச் சின்னச் சுருளா அடுக்கி வெச்சிருப்பாங்க, மேல பச்சைக் குழம்பை ஊத்திக் கொடுப்பாங்க. நாம புளிக்க வைக்காம பிழிஞ்சு ஆவியில வேக வைக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சமையல்காரர் புதுசா எதையும் ஒட்ட வைக்கலை. அங்க இருந்த இடத்துல நம்ம பொருளை உட்கார வெச்சிருக்கார்.

டாம் யம் கதை வேற. அதுல புளிப்பு எலுமிச்சையில இருந்து வரணும், அதுவும் அடுப்பை அணைச்ச பிறகு பிழியணும். நம்ம எலுமிச்சை ரசத்துக்கும் அதே முறைதான், கொதிக்கையில பிழிஞ்சா கசந்துடும். உங்களுக்குக் கொடுத்ததுல புளியைக் கரைச்சுக் கொதிக்க வெச்சிருக்காங்க. புளி, மிளகு, சீரகம் மூணும் சேர்ந்தா நம்ம நாக்கு 'ரசம்'னு முடிவு பண்ணிடும், அதுக்கு அப்புறம் எலுமிச்சைப் புல் வந்தா விருந்தாளி வீடு மாறி வந்த மாதிரிதான் தெரியும். எலுமிச்சை ரசத்துல இருந்து தொடங்கியிருந்தா ஒட்டியிருக்கும். இறால் போட்ட டாம் யம் குங்கை 2024 டிசம்பர்ல யுனெஸ்கோ மனிதகுலத்தோட மரபுச் செல்வப் பட்டியல்ல சேர்த்தாங்க. அதுக்காகக் கை வைக்கக் கூடாதுன்னு சொல்ல வரலை. கை வைக்கிறவங்களுக்கு எலுமிச்சை எப்ப விழணும்னு தெரிஞ்சிருக்கணும்.

கையால சாப்பிட்டதுக்கு ஒரு வார்த்தை. அங்கயும் கரண்டி, முள்கரண்டிக்கு முன்னாடி கைதான். ஒட்டும் அரிசிச் சோத்தை இன்னைக்கும் கையால உருட்டித்தான் தொட்டுச் சாப்பிடுறாங்க. தோழிகிட்ட சொல்லுங்க.

முதுநகர்_நெத்திலி | திங்கள், காலை 6:10

கெடிலக்கரை அக்கா, நான் முதுநகர், எங்க அப்பா துறைமுகத்துல படகு வெச்சிருந்தார். மீன் சாஸ்னா என்னன்னு ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. சிங்கப்பூர்ல வேலை பார்க்கிறப்போ முதல் தடவை பாட்டிலைத் திறந்து மோந்தேன். அப்படியே எங்க வீட்டுக் கொல்லையில கருவாடு காய வெச்ச வாசம். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

அதுவும் நெத்திலி வகைதான். மூணு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்புன்னு தொட்டியில அடுக்கி ஒரு வருஷம், அதுக்கு மேலயும் விட்டு, ஊறி வர்ற தண்ணியை வடிக்கிறாங்க. நாம அதே மீனை உப்புல புரட்டி வெயில்ல போடுறோம். நாம எடுத்துக்கிறது மீனை, அவங்க எடுத்துக்கிறது தண்ணியை. அதனாலதான் நீங்க சாப்பிட்ட நெத்திலியில அந்தப் பாகு தனியா தெரியலை. மீனோட மீன் சேர்ந்துச்சு.

சைவச்சாப்பாடு | திங்கள், காலை 8:30

நல்ல இழை. ஆனால் சைவம் சாப்பிடுகிறவர்கள் சார்பாக ஒன்று சொல்லியாக வேண்டும், இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு வேறு ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், மெனுவில் பச்சைப் புள்ளி போட்ட காய்கறி கிரீன் கறி வாங்கினேன். பாதி சாப்பிட்ட பிறகு சந்தேகம் வந்து கேட்டால், விழுது டப்பாவில் வருவது, அதில் இறால் விழுது இருக்கும் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். அவர்களுக்குக் காய்கறி போட்டால் சைவம். எங்கள் அம்மா என்னோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு 74 வயது, பிறந்ததிலிருந்து அசைவம் தொட்டதில்லை. அன்று இரவு முழுக்க அவர் சாப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதனால் என்ன ஆகிவிடப் போகிறது.

தாய் உணவகத்துக்குப் போகும் சைவர்கள் மூன்றைக் கேளுங்கள்: விழுதில் இறால் இருக்கிறதா, உப்புக்கு மீன் சாஸ் ஊற்றுகிறார்களா, வறுவலில் சிப்பி சாஸ் இருக்கிறதா. 'வெஜ்தானே?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும்.

தேங்காய்ப்பால் | திங்கள், காலை 9:05

நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. உங்க அம்மாவுக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது. தாய்லாந்துல இதுக்குன்னே 'ஜே'ன்னு ஒரு முறை இருக்கு. ஒன்பதாவது சந்திர மாசத்துல 9 நாள், கடை வாசல்ல மஞ்சள் கொடி கட்டியிருப்பாங்க. மீன் சாஸ், இறால், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டாங்க. அங்க உப்புச் சுவைக்குப் புளிக்க வெச்ச சோயா விழுதைப் போடுவாங்க. இங்க இருக்கிற சமையல்காரங்களும் அதைத் தாராளமா செய்யலாம். டப்பா விழுது வாங்குறதை நிறுத்தணும், அவ்வளவுதான் வேலை.

அரத்தை | திங்கள், மதியம் 1:15

நாங்கள் அரியாங்குப்பத்தில் மூன்று தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை. விழுதைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

தாய்லாந்துக்காரர்கள் விழுதில் 'கா' என்று போடும் கிழங்கு நம் பேரரத்தை. சளிக்கு வாங்கும் சித்தரத்தை அதன் உறவு, சிறியது, காரம் அதிகம். பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் காய்ந்த சித்தரத்தையைத் தண்ணீரில் ஊற வைத்து அரைக்கிறார்கள். குழம்பு மருந்து வாடை அடிக்கும். பச்சைக் கிழங்காகப் பேரரத்தைதான் வேண்டும். தொட்டியில் நட்டாலே வரும்.

துளசிக்கு வருகிறேன். கோழி வறுவலில் அவர்கள் போடும் 'க்ரபாவ்' நம் துளசியேதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பச்சைக் குழம்பில் போடுவது அது அல்ல. 'ஹொரபா' என்பது நம் திருநீற்றுப்பச்சிலை வகை, சப்ஜா விதை தரும் செடி. அதன் வாசம் சோம்பு போல இருக்கும். மாடத்துத் துளசியைச் சமைக்க மனம் வராதவர்கள் வறுவலிலும் திருநீற்றுப்பச்சிலையைப் போடலாம். சுவை மாறும், மனம் உறுத்தாது. உங்கள் தோழி தொடாமல் இருந்ததை நான் மதிக்கிறேன்.

உப்பளம்_பேத்தி | திங்கள், இரவு 8:50

கெடிலக்கரை, உங்கள் கேள்வியைப் படிச்சதும் எங்க பாட்டி ஞாபகம் வந்துட்டாங்க.

எங்க தாத்தா வியட்நாம்ல இருக்கிற சைகோன்ல பிரெஞ்சு அரசாங்கத்துல வேலை பார்த்தவர். பாண்டி, காரைக்கால்காரங்க பிரெஞ்சுக் குடியுரிமையோட இந்தோசீனாவுக்குப் போய் அரசாங்கத்துலயும் படையிலயும் வேலை பார்த்தது பெரிய கதை. பாட்டி வியட்நாம் பொண்ணு. தமிழ் பேசக் கத்துக்கிட்டாங்க, ஆனா அடுப்பு மட்டும் ரெண்டு மொழி பேசும். கிறிஸ்துமஸ்னா எங்க வீட்டுல நெம். அரிசித் தாள்ல இறால், சேமியா, கேரட் வெச்சுச் சுருட்டிப் பொரிச்சு, கீரை இலையில புதினாவோட சுத்தி, மீன் சாஸுல தொட்டுச் சாப்பிடணும். பாட்டியோட மீன் குழம்புல புளியும் இருக்கும், எலுமிச்சைப் புல்லும் இருக்கும். உங்களுக்குக் கிடைச்ச ரசம் மாதிரி அது சண்டை போடாது. ஏன்னா அவங்க 40 வருஷம் தினமும் அதைச் செஞ்சாங்க. தாத்தா நல்லா இருக்குன்னு சொன்னது தங்கிடுச்சு, முகம் சுளிச்சது போயிடுச்சு. மெனுவுக்காக ஒரு வாரத்துல யோசிச்சு எழுதுறதுக்கும் அதுக்கும் நிறைய தூரம்.

ஃப்யூஷன்ங்கிற வார்த்தை எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. அதுதான் எங்க சாப்பாடு.

மணிக்கல் | செவ்வாய், காலை 7:20

கடலூரிலிருந்து பாண்டிக்குப் பேருந்தில் போனவர்கள் அரியாங்குப்பத்தில் அரிக்கமேட்டைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்த பழைய துறைமுக இடம். அங்கே கண்ணாடி மணிகள் செய்தார்கள். அதே வகை மணிகள் தாய்லாந்தின் கிராபி பகுதியில் குவான் லுக் பட் என்ற இடத்தில் கிடைக்கின்றன. அங்கேயே ஒரு பொற்கொல்லரின் உரைகல்லும் கிடைத்தது. அதில் தமிழ் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. தாய்லாந்தின் தக்குவாபாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமத்தார் என்ற வணிகர் குழுவைச் சொல்கிறது. வந்து போனவர்கள் வெறும் வயிற்றோடு போயிருக்க மாட்டார்கள். தாய் மொழியில் மஞ்சள் குழம்புக்குக் 'கேங் கரீ' என்று பெயர், அந்தக் 'கரீ' நம் கறிதான்.

தேங்காய்ப்பால் | செவ்வாய், காலை 7:55

மிளகாய் மட்டும் ரெண்டு பேருக்குமே சொந்தமில்லை. போர்த்துகீசியர் காலத்துல அமெரிக்காவுல இருந்து வந்தது. பப்பாளி, முந்திரி, வேர்க்கடலையும் அப்படித்தான். அதனால வேர்க்கடலையை எடுத்துட்டு முந்திரி போட்டதுல மரபு எதுவும் கெட்டுப் போகலை. பண்ருட்டி பக்கத்துலயே இருக்கிறப்போ போடாம இருந்தாத்தான் தப்பு.

பில்_பார்ப்பவர் | செவ்வாய், மதியம் 2:40

செலவையும் யாராவது கேட்கணும். எவ்வளவு ஆச்சு? சேவைக் கட்டணம் போட்டாங்களா? அதைக் கட்டாயமா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில சொல்லிடுச்சு, 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுச்சு. சேர்த்திருந்தா எடுக்கச் சொல்லலாம், முடியாதுன்னா 1915-க்கு போன் பண்ணலாம். விருப்பப்பட்டு டிப்ஸ் கொடுக்கிறது வேற.

கெடிலக்கரை | செவ்வாய், இரவு 9:15

எல்லாரும் இவ்வளவு அக்கறையா எழுதியிருக்கீங்க. மெஸ் மூடின பிறகு போய் எல்லாத்தையும் அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். நெத்திலித் தம்பி எழுதினதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தா. "நாம எடுத்துக்கிறது மீனை, அவங்க எடுத்துக்கிறது தண்ணியை"ங்கிறதைத் திரும்பப் படிக்கச் சொன்னா.

பில் 2,340 ரூபாய், ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்து. சேவைக் கட்டணம் போடலை. எனக்குப் பெரிய தொகைதான், கொடுத்ததுல வருத்தமே இல்லை.

சைவச்சாப்பாடு ஐயா, உங்க அம்மா கதையைக் கேட்டு அவளுக்குக் கோபம் வந்துச்சு. "சமைக்கிறவகிட்ட ஒருத்தர் நம்பித்தான் வாயைத் திறக்கிறாங்க"ன்னு சொன்னா.

ரசத்தைப் பத்தி உப்பளத்துக்காரங்க சொன்னதுதான் அவளுக்குச் சரின்னு படுது. எனக்கு அதுல கொஞ்சம் மாறுபாடு. 40 வருஷம் எல்லாருக்கும் கிடைக்காது. அந்த இடியாப்பத்துக்கு அவர் 40 வருஷம் எடுத்திருக்க மாட்டார். ரெண்டு ஊர் அடுப்பையும் நின்னு பார்த்திருக்கார், கனோம் சீன் எதுக்கு இருக்குன்னு புரிஞ்சு வெச்சிருக்கார். அது போதும்னு நினைக்கிறேன். இதுல ரெண்டு பேருக்கும் இன்னும் முடிவு வரலை.

இன்னொரு செய்தி. இந்தச் சனிக்கிழமை ராத்திரி மெஸ்ல சைவமா பச்சைக் குழம்பு வெச்சுப் பார்க்கப் போறா. இறால் விழுதுக்குப் பதிலா சோயா விழுது வாங்கித் தரச் சொன்னா. கொத்தமல்லியை வேரோட கழுவி விழுதுல அரைக்கணும்னு அந்தச் சமையல்காரர் சொல்லியிருந்தார். "இத்தனை வருஷமா அந்த வேரைக் கிள்ளிக் குப்பையில போட்டேனே"ன்னு வருத்தப்பட்டா.

தேங்காய்ப்பால் | செவ்வாய், இரவு 9:50

வேரும் தண்டோட அடிப்பாகமும் போடுங்க, இலை வேண்டாம். எலுமிச்சைப் புல்லுல அடி வெள்ளைப் பகுதி மட்டும், பொடிப்பொடியா நறுக்கி முதல்ல அம்மியில தட்டிட்டு அரைங்க, இல்லைன்னா நார் பல்லுல மாட்டும். மக்ரூட்ங்கிற தாய் எலுமிச்சை வகையோட இலை கிடைக்காது, நார்த்தங்காய் இலையோட நரம்பை எடுத்துட்டு ரெண்டு போடுங்க. வாசம் கொஞ்சம் குறையும், இருந்தாலும் அந்தத் திசையில போகும்.

கெடிலக்கரை | ஞாயிறு, காலை 7:30

நேத்து ராத்திரி நடந்ததைச் சொல்றேன்.

முதல் தடவை பால் எண்ணெய் பிரியவே இல்லை. தண்ணி சேர்த்துப் பிழிஞ்சுட்டாளாம். ரெண்டாவது தேங்காயைத் தண்ணி தொடாம பிழிஞ்சு, இரும்புச் சட்டியில பொறுமையா கிளறினா. மேல கண்ணு கண்ணா எண்ணெய் வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. 50 வயசுல புதுசா ஒண்ணு கத்துக்கிட்ட சந்தோஷம் அவ குரல்ல இருந்துச்சு.

25 பேருக்கு இடியாப்பத்தோட கொடுத்தா, சுரைக்காயும் முருங்கைக்காயும் போட்டது. அது என்ன குழம்புன்னு யார்கிட்டயும் முன்கூட்டிச் சொல்லலை. தினமும் வர்ற மின்வாரியத்துக்காரர் ஒருத்தர், "சொதி மாதிரி இருக்கே, ஆனா வேற வாசமா இருக்கும்மா"ன்னு ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினார். நாலு பேர் பாதியில வெச்சுட்டு வழக்கமான சட்னி கேட்டாங்க. காரம் பச்சை மிளகாய்க் காரமா தூக்கலா இருந்துச்சு, அதை அடுத்த தடவை குறைக்கணும்னு அவளே சொன்னா.

பேரரத்தை இல்லாம இஞ்சி போட்டதுதான் குறை. இஞ்சி வாசம் முன்னாடி வந்து நின்னுடுது. திருநீற்றுப்பச்சிலையும் கிடைக்கலை. அரத்தை ஐயா, உங்ககிட்ட கிழங்கு இருக்குமா?

அரத்தை | ஞாயிறு, காலை 10:05

இருக்கிறதம்மா. வீட்டுப் பின்கட்டில் புதராக வளர்ந்திருக்கிறது. நட ஒரு துண்டு, சமைக்க அரை கிலோ எடுத்து வைக்கிறேன், பணம் வேண்டாம். திருநீற்றுப்பச்சிலையும் நாலு கன்று தருகிறேன். புதன்கிழமை காலை 9 மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள், ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருப்பேன். கிழங்கை ஆழமாகப் புதைக்க வேண்டாம், நாலு விரல் போதும், தண்ணீர் தேங்காத இடமாக இருக்கட்டும்.

கெடிலக்கரை | ஞாயிறு, காலை 10:20

ரொம்ப நன்றி ஐயா. புதன்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, அவதான் வருவா. டிபன் முடிச்சுட்டு 10 மணி பஸ் பிடிப்பா. கையில ஒரு தூக்குவாளி இருக்கும், உங்க வீட்டுக்குக் குழம்பு.